நான்கு பக்க உரையும் ஒரு குட்டி நிலாவும்

1

வானத்தை முதன்முதலில் அண்ணாந்து பார்த்த மனிதன் கேட்ட கேள்விக்கு இந்தக் கதை விடை சொல்லும்.

சொல்லாது. இது பிறந்த காரணம் அற்பமானது: என் அக்கா ஏழு மாதமாக என்னோடு பேசுவதில்லை. அவள் விண்கல இன்ஜினியர். நான் அதே அலுவலகத்தில் இயக்குநருக்கு மேடை உரை எழுதிக் கொடுப்பவன்.

2

'விண்மீன்களைக் கண்ணில் சுமந்த அவள்...' (அடித்துவிட்டேன். கண்ணில் இருந்தது கருவளையம்.)

தூரத்துக் கிரகம் ஒன்றைச் சுற்றும் குட்டி நிலா. அதைப் படம்பிடிக்க ஃபிரிட்ஜ் அளவில் ஒரு மலிவு விண்கலம். அக்காவின் ஒன்பது வருஷ உழைப்பு. மலிவு என்பதால் நின்று சுற்ற எரிபொருள் கிடையாது. நிலாவை ஒரே ஒரு முறை கடந்து போகும். கேமராவைத் தானாகத் திருப்பிக்கொள்ளவும் தெரியாது. கட்டளை இங்கிருந்து பதினொன்று இருபதுக்குள் கிளம்ப வேண்டும்.*

* கட்டளையை அனுப்பும் பொத்தானை இயக்குநர்தான் அழுத்துவார், அதுவும் உரை முடிந்த பிறகே என்று விழாக் குழு தீர்மானித்தது. அந்தத் திட்டத்தில் மலிவாக இல்லாதது விழா மட்டும்தான்.

3

விழாவுக்கு முந்தைய நாள் கேன்டீனில்:

"டேய், எத்தனை பக்கம்டா?"

"நாலு."

"ஒரு பக்கம் போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"எட்டு நிமிஷம்தான்க்கா."

"அந்த மனுஷன் வணக்கம் சொல்லவே எட்டு நிமிஷம் எடுப்பாருடா!"

(என் நான்கு பக்கத்திலும் இப்படி ஒரு வரி இல்லை.)

4

முடிவு அ: அக்கா இயக்குநரைத் தள்ளிவிட்டுப் பொத்தானை... (அதன் சாவி அவர் சட்டைப்பையில்.)

முடிவு ஆ: மூன்றாம் பக்கத்தில் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்து... (மைக் கையில் இருக்கும்போதா?)

நடந்தது: பதினொன்று இருபத்தாறுக்கு அழுத்தினார். பலத்த கைதட்டல். கலம் சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பி, நிலா போய்விட்டிருந்த இடத்தை அறுபது படம் எடுத்தது. எல்லாம் கறுப்பு. அக்கா ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தாள்.

"கேமரா நல்லாத்தான்டா வேலை செய்யுது" என்றாள். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

5

அவள் என்னை மன்னிப்பதாக முடிக்கலாமா? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், எனக்கு அந்த யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு முடியுங்கள். பதினொன்று பதினெட்டுக்குக் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து அக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் இயக்குநருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

இழுக்கவில்லை. எனக்குப் பிடித்த பத்தி இன்னும் வரவில்லை.