பட்டையில் வாங்காத கஞ்சி

மணலிக்குப் போகும் சாலையோரம், ஆலை அதிகாரிகளின் சங்கம் ஒன்று வேலி போட்டு வைத்திருந்த காலி நிலத்தில், எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு பழைய கிராமம் முளைத்தது. மண்சுவர் வீடு, இரண்டு ஓலைக் குடிசை, களம், ஏற்றம் போட்ட கிணறு, ஒரு ஜோடி மாடு, சின்னதாக நெல்வயல். அந்தக் காலத்தில் குடியானவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பட்டணத்துப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும் என்பது ஏற்பாடு. பொம்மைகள் கிடையாது. அக்கம்பக்கத்து ஜனங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பழைய உடுப்பில் உழுவார்கள், நடுவார்கள், நெல் குத்துவார்கள். கூலி இல்லை, மதியச் சாப்பாடு உண்டு.

மலர்க்கொடி முதலில் வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். வியாசர்பாடியில் குடித்தனம், திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலையில் வேலை. பிறந்தது பொன்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் என்றாலும், கைக்குழந்தையாகவே பட்டணம் வந்துவிட்டவள். வயலில் கால் வைத்ததாக நினைவே இல்லை. அன்று வரப்போரம் நின்றவள் என்ன நினைத்தாளோ, செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிவிட்டாள். கணுக்கால் வரை குளிர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளும் ஓர் ஆளாகச் சேர்ந்துகொண்டாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்த சிநேகிதி பிலோமி. ராயபுரத்தில் மீன் விற்கிறவள், கைக்குழந்தைக்காரி, வாய்த்துடுக்கு. இருவருக்கும் நடவு தெரியாது. அவர்கள் நட்ட வரிசை கோணல்மாணலாகப் போனதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். இவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வாரம் முழுக்கத் தீக்குச்சி மருந்தின் நெடியில் கிடந்தவளுக்கு அந்த ஒரு நாள் மூச்சு விடுகிற நாளாக இருந்தது.

பொங்கலுக்குப் பெரிய மனிதர்கள் வருவதாகச் செய்தி வந்ததும், சங்கத்துச் செயலாளர் தண்டபாணி புதிதாக ஒரு காட்சியைச் சேர்த்தார். பண்ணையார் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். வேலை முடித்த பண்ணையாட்கள் வாசலுக்கு வெளியே மண்டியிட்டு, பனையோலையை மடித்துச் செய்த பட்டையைக் கையில் ஏந்துவார்கள். மேலேயிருந்து, பாத்திரம் படாமல், கஞ்சியை ஊற்றுவார்கள். பண்ணையாராகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ராசையா. நாடகமெல்லாம் போட்டுப் பழகியவர். பட்டை ஏந்த மலர்க்கொடி.

ஏன் நான் என்று அவள் கேட்டாள்.

“நீங்கன்னா பொருத்தமா இருக்கும்மா” என்றார் தண்டபாணி.

களத்தில் நெல் குத்திக்கொண்டிருந்த பிலோமியின் உலக்கை நின்றது.

“இன்னா பொருத்தம் சார்?”

அவர் மலர்க்கொடியின் பக்கமே திரும்பிக்கொண்டார். இதெல்லாம் சரித்திரம், நடந்ததைத்தானே காட்டுகிறோம், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்றார். மலர்க்கொடிக்குக் காது மடல் வரை சுட்டது.

அவள் புருஷன் பொன்னுரங்கம் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குகிறவன். விஷயத்தைக் கேட்டதும், இனி அந்தப் பக்கமே போகாதே, நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு என்றான்.

“நான் போவலன்னா வேற யாரயாவது மண்டி போட வப்பாங்க. நானே போறேன்” என்றாள்.

பொங்கலன்று கூட்டம் நெரிந்தது. விருந்தாளிகள் நாற்காலிகளில் இருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில். ராசையா ஜரிகை வேட்டியில் கட்டிலில் சாய்ந்திருந்தார். வேலையாள் வேஷக்காரர் பானையைச் சாய்த்தார். மலர்க்கொடி மண்டியிடவில்லை. பட்டையைக் கீழே வைத்தாள், நேரே நடந்துபோய்க் கட்டிலில் ராசையாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தட்டுல ஊத்துங்க” என்றாள்.

ராசையாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. ஓரத்தில் நின்ற தண்டபாணி கையை ஆட்டி ஆட்டி இறங்கச் சொன்னார். அவள் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எங்கம்மா இப்டித்தான் பட்டையில வாங்கிக் குடிச்சாங்க. ஒரு நாள், இடுப்புல நான் இருந்தேன். கொயந்தைக்காவது தட்டுல ஊத்துன்னு கேட்டாங்க. கேட்டதுக்கு அன்னிக்கே எங்க குடிசையப் பிச்சி எறிஞ்சாங்க. மறுநாள் என்னத் தூக்கிகினு ரயில் ரோட்டோரமாவே நடந்து வியாசர்பாடி வந்தாங்க. நடந்ததக் காட்டுறதுன்னா அதயும் காட்டுங்க.”

தண்டபாணி சிரித்த முகத்தோடு முன்னால் வந்து, இது நிகழ்ச்சியில் இல்லாதது என்று விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்டார். அவளிடம் தணிந்த குரலில், இனி வர வேண்டாம் என்றார். அவள் எழுந்து நடந்தாள். வேலிவரை போனபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பிலோமி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வயலில் ஆள் இல்லை, களத்தில் ஆள் இல்லை. வழக்கமாக வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் மலர்க்கொடியோடு நின்றார்கள், மீதிப் பேர் வரவேயில்லை. பள்ளிக்கூட பஸ் ஒன்று வந்து நின்றதும் தண்டபாணி வெளியே வந்தார். கஞ்சிக் காட்சியை எடுத்துவிடுவதாகவும், எல்லோரும் உள்ளே வரவேண்டும் என்றும் சொன்னார். சிலர் நகர்ந்தார்கள். மலர்க்கொடி நகரவில்லை.

“எடுக்கக் கூடாது சார். எடுத்துட்டா நடக்கவே இல்லன்னு ஆயிடும். முழுசா காட்டணும்.”

அவர் பஸ்ஸைப் பார்த்தார். இறங்கிய பிள்ளைகள் வேலிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படியோ செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மலர்க்கொடி தன் தாயாக நின்றாள். பிலோமியின் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். குடிசைப் பக்கம் வந்த ராசையா தயங்கி, நிஜமாகவே ஓலையைப் பிடுங்கவா என்று கேட்டார்.

“பிச்சி எறி நைனா. அன்னிக்கு அவங்க கேட்டுகினா பிச்சாங்க?”

ராசையா பிய்த்தார். ஓலை சடசடத்து விழுந்தது. குழந்தை அலறியது. அது நடிப்பில்லை. வாத்தியார் ஒருவர் முகம் கோணி எழுந்து போனார். பிள்ளைகள் போகவில்லை. மலர்க்கொடி குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்து, கூட்டத்தின் நடுவே வழி விடச் சொல்லி நடந்தாள். அவள் தாய் தலை குனிந்து நடந்தாளா, நிமிர்ந்து நடந்தாளா என்று அவளுக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மலர்க்கொடி நிமிர்ந்தே நடந்தாள்.

வேலியருகே பட்டுச் சேலை கட்டிய ஓர் அம்மாள் வழி மறித்து, இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா, நாடகத்துக்காகக் கூட்டிச் சொல்கிறீர்களா என்று கேட்டாள்.

“நடந்துச்சும்மா” என்றாள் மலர்க்கொடி. “அடுத்த வாரமும் காட்டுவோம். உங்க வூட்ல பெரியவங்க இருந்தா இட்டுகினு வாங்க. அவங்களுக்கு நெனப்பு இருக்கும்.”