செயலாளர் மனம் திறக்கிறார்

அந்த ஆலோசனை மையம் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்ததில் திருநாவுக்கரசுவுக்கு ஒரு நிம்மதி. யார் பார்த்தாலும் பல் வலி என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படியும் மனம் கேட்காமல், காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, கன்னத்தைக் கையால் தாங்கியபடி பினாங்கின் பர்மா ரோட்டில் நடந்து வந்தார். ஆயர் ஈத்தாமில் ஒரு சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர் அவர். மனசுக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று பேச்சு கிளம்பினால் அடுத்த ஆண்டுக் கூட்டத்தோடு பதவி போய்விடும்.

போகாமல் இருக்கவும் வழியில்லை. மனைவி ரமணி ஆறு வாரமாகப் பத்து காவான் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் ஆசிரியையாக இருந்தவள். பணி ஓய்வு விருந்து நடந்த மறுநாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஒரு மனநலக் கவுன்சிலர்கிட்ட போயி பேசுங்க. பேசிட்டு, நான் ஏன் போனேன்னு நீங்களா சொல்லுங்க. அப்ப வர்றேன்" என்றாள். வேறு நிபந்தனை எதுவும் வைக்கவில்லை.

அவர் குடித்ததில்லை. கை நீட்டியதில்லை. ஆகவே கோளாறு ரமணியிடம்தான் என்று முடிவு கட்டி, அதை நிபுணர் வாயால் உறுதிப்படுத்திக்கொள்ள வந்திருந்தார். விழாவுக்குப் போடும் பூப்போட்ட பாத்தேக் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஒரு ஃபைல். ஃபைலில் அவர் வாங்கிய பாராட்டுப் பத்திரங்களின் நகல்களும், ரமணியின் குறைகள் பதினான்கும் இருந்தன. குறைகளை வரிசை எண் போட்டு டைப் செய்திருந்தார்.

ஆலோசகர் சுஹானாவுக்கு நாற்பது வயதிருக்கும். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் பெண். வெள்ளைக் கோட்டு இல்லை, படுக்கச் சொல்லவும் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு டிஷ்யூ பெட்டி, அவ்வளவுதான். திருநாவுக்கரசு உரிமையோடு டிஷ்யூவை உருவி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சுஹானா சொன்னார்: "நீங்க பேசுறது இந்த ரூமை விட்டு வெளிய போவாது சார். யாரோட உயிருக்காச்சும் ஆபத்துன்னா மட்டும்தான் நான் சொல்ல வேண்டி வரும். அம்பது நிமிஷம் இருக்கு. இன்னைக்கு உங்களைத் தெரிஞ்சிக்கிறதுதான் வேலை."

வெளியே போகாது என்றதும் அவர் முகம் வாடியது. பேசியதையெல்லாம் படத்தோடு பத்திரிகைக்கு அனுப்பியே பழக்கப்பட்டவர்.

"மருந்து என்ன குடுப்பீங்க?"

"நான் மருந்து குடுக்கிறதில்ல சார்."

"அப்ப அறிவுரை?"

"அதுவும் பெரும்பாலும் இல்ல. கேள்விதான் கேப்பேன். சும்மா பேசுங்க லா, எங்கேருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்."

இதற்கா இந்தம்மா இத்தனை படித்தது என்று நினைத்தபடி திருநாவுக்கரசு எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பெருமதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களே..."

"உக்காந்தே பேசலாம் சார்."

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவருக்குப் பேச்சு வரவில்லை. சுஹானாவும் பேசாமல் காத்திருந்தார். மேடையில் இப்படி ஓர் அமைதி விழுந்தால் மைக் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அதைத் தாங்க முடியாமல் ஃபைலைத் திறந்து படித்தார். ஒன்று, ரமணி சாப்பிடும்போது பேசுவதில்லை. இரண்டு, அவர் பேசும் நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை. மூன்று, வந்தாலும் கைதட்டுவதில்லை.

"அவங்க கிளம்புறதுக்கு முந்தின நாள் என்ன நடந்துச்சு?"

"ரிட்டையர்மெண்ட் டின்னர். சங்கம்தான் ஏற்பாடு. நான் நன்றியுரை." அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பெயர் விட்டுப்போனாலும் ஆறு மாதத்துக்கு மனத்தாங்கல் நீடிக்கும் ஊரில், தாளைப் பார்க்காமல், ஒருவரையும் விடாமல் நன்றி சொல்லும் ஒரே ஆள் அவர்தான்.

"ஞாபகம் இருந்தா சொல்லுங்களேன்."

இந்த முறை அவர் எழுந்து நின்றதை சுஹானா தடுக்கவில்லை. சிறப்பு விருந்தினராக வந்த, டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகரில் தொடங்கினார். தலைமையாசிரியர், கோயில் தலைவர், அவருடைய துணைவியார், மாலை கட்டிய வள்ளியம்மா, பிரியாணி சமைத்த சீனி முகம்மது, ஒலிபெருக்கி மோகனராஜ், கார் நிறுத்த இடம் காட்டிய தொண்டர்கள், கடைசியாக மழையைத் தள்ளிப்போட்ட வருண பகவான். மொத்தம் நாற்பத்தொரு பெயர். முடித்துவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டு நின்றார்.

"விருந்து யாருக்கு சார்?" என்று கேட்டார் சுஹானா.

"ரமணிக்கு."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. பட்டியலை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டினார். வருண பகவான் இருந்தார். ரமணி இல்லை. கழுத்தில் மாலையோடு அவருக்கு இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு தாள், அவள் எழுதி வைத்திருந்த ஏற்புரை. நேரமில்லை என்று அதை நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கியதும் செயலாளரான அவர்தான். அவருக்குக் கூசியது. ஃபைலை மூடி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். மறுபடியும் டிஷ்யூ எடுத்தார், வியர்வைக்காக அல்ல.

"இப்ப நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"அடுத்த வாரம் பேசலாம் சார். நேரம் முடிஞ்சிருச்சு."

இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

படியிறங்கி, பல் கிளினிக் வாசலில் நின்று போன் போட்டார். "ரமணி" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "ம், அடுத்தது யாரு? டத்தோவா?"

"வேற யாரும் இல்ல. அன்னைக்கு நன்றியில உன் பேரைச் சொல்லல. உன்னையும் பேச விடல. அந்தப் பேச்சு இன்னும் இருக்கா? படிக்கிறியா? நான் கேக்குறேன்."

 போனில் கைப்பை ஜிப் திறக்கும் சத்தமும் தாள் விரியும் சத்தமும் கேட்டன.

"ரெண்டு பக்கம் இருக்கு. நடுவுல பேசக் கூடாது."

"சரி."

"அனைவருக்கும் வணக்கம்" என்று டீச்சர் குரலில் தொடங்கினாள் ரமணி. "முதலில் என் கணவர் திருநாவுக்கரசு அவர்களுக்கு நன்றி."

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, "ரொம்ப வலிக்குதா அங்கிள்?" என்றாள். நடுவில் பேசக் கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினார்.