மூன்று பாய் அகலம்

படாரென்று இடி இடித்து ஊரெங்கும் மழை கொட்டியது. பேருந்துப் பணிமனையின் பின்சுவரோரம் குடை ரிப்பேர்காரி குடியிருந்த நடைபாதையில் மட்டும் ஒரு சொட்டும் விழவில்லை. மூன்று பாய் அகலம், அவ்வளவுதான். சுற்றிலும் சாக்கடை பொங்கி ஓட, நடுவில் அவள் அடுப்புச் சாம்பல்கூடக் கலையவில்லை. அவள், புருஷன், மகள் மூவரின் செருப்புகளும் ஈரம் முடிகிற கோட்டில் வரிசையாகக் கிடந்தன.

வீடற்றோருக்கு அரசு அடுக்குமாடி கட்டிய வருடம் அது. நனைகிறவர்களுக்கே வீடு என்பது விதி. அதனால் ஆய்வாளர்கள் மழை நாளில்தான் சோதனைக்குப் போனார்கள். அங்கே வந்த ஆய்வாளர் குடையை மடக்கினார். மேலே பார்த்தார். கையை நீட்டினார், கை காய்ந்தே இருந்தது.

"ரெண்டு சொட்டு விழுந்துச்சுன்னு எழுதிடுங்க சார். பொண்ணு பெரியவளாயிட்டா. துணி மாத்த ஒரு கதவு வேணும்" என்றாள் அவள்.

"கண்ணு முன்னாடி காய்ஞ்சு கெடக்கு. என்னைப் பொய் எழுதச் சொல்றியாம்மா?"

புருஷன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் பாய்மேல் வீசினான். அது பாதி வழியில் யோசித்து, திரும்பி வந்து ஆய்வாளரின் செருப்பை நனைத்தது.

"பாத்தியாய்யா, தண்ணிக்குக்கூட நம்ம மேல எளக்காரம்!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆய்வாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் 'நனையவில்லை' என்றே எழுதினார். கறாரான மனிதர் என்று பெயர் எடுத்தவர். அவளுக்குப் போயிருக்க வேண்டிய வீடு, சோதனை நாளன்று மொட்டைமாடியில் நின்று தொப்பலாக நனைந்த, அடுக்குமாடி கட்டிய ஒப்பந்தக்காரரின் மைத்துனனுக்குப் போனது.

விரித்த குடைகளின் மறைவில் துணி மாற்றியே மகள் வளர்ந்தாள். கதவு இருந்தால் போதுமென்று ஒருவனோடு போனாள். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள் இருந்தது. அவள் திரும்பவில்லை. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஆய்வாளர் அந்தத் தெருவைத் தவிர்த்தே நடந்தார். குடை ரிப்பேர்காரியின் புருஷனும் போய்ச் சேர்ந்தான்.

அரசு ஊழியர் குடியிருப்பில் இருப்பவருக்குச் சொந்த வீடு ஒதுக்கீடு கிடையாது என்பது இன்னொரு விதி. ஓய்வு பெற்ற கையோடு ஆய்வாளரை அந்தக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தவரைக் கால்கள் பணிமனைச் சுவருக்கே கொண்டுவந்து சேர்த்தன. ஈரம் முடிகிற கோட்டுக்கு வெளியே நனைந்தபடி நின்றார்.

நரைத்த தலையை நிமிர்த்திப் பார்த்த அவள், தைத்துக்கொண்டிருந்த குடையை ஓரமாக வைத்தாள். சுருட்டி வைத்திருந்த ஒரு பாயை உதறி விரித்தாள்.

"எம் பொண்ணு படுத்த எடம் காலியாத்தான் கெடக்கு. செருப்பை வெளிய விட்டுட்டு உள்ள வாங்க சார்."