ராகு காலத்தில் முன்வாசல்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீரையன் கேட்டார், எழுதுகிறேன். இதன் பிறப்பு ரகசியம் அவ்வளவுதான்.

வீரையன் எங்கள் பகுதி வணிகர் சங்கச் செயலாளர். தஞ்சாவூரில் உரக்கடையும், அதன் மாடியில் ஓர் ஆபீசும் வைத்திருக்கிறார். சங்கத்துக்கு வெள்ளி விழா, அதற்கு ஒரு மலர். வாழ்த்துச் செய்தி போக, விளம்பரம் போக, நாலு பக்கம் மிச்சம் இருக்கிறதாம்.

"ஒரு முன்னேற்றக் கதை எழுதிக் குடுங்க சார். நம்ம டெல்டா பக்கத்துப் பொண்ணா இருக்கட்டும். சின்னதா ஒரு தொழில் ஆரம்பிச்சுப் பெருசா வந்துடணும். கடைசியில எல்லாரும் கை தட்டணும்."

"என்ன தொழில்?"

"அது உங்க இஷ்டம். ஊறுகாயும் தையலும் மட்டும் வேணாம். போன மலர்ல வந்துடுச்சு."

அவருடைய மேசைக் கண்ணாடியில் டீத் தம்ளர் வட்டங்கள் வருஷக்கணக்கில் படிந்து கிடந்தன. ஆபீஸ் சுத்தம் செய்யும் தொழில் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். (எழுத்தாளனுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் கல்லூரி மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

2

முதல் வரிதான் பிராணனை வாங்கும். எழுதிப் பார்த்தவை:

கயல்விழி அதிகாலையில் துடைப்பத்தைக் கையில் எடுத்தபோது கிழக்கே சூரியன்—

(சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது.)

வலங்கைமான் அருகே, பச்சைப் பசேலென்ற வயல்களுக்கு நடுவே—

(வேண்டவே வேண்டாம். வயலைப் பச்சைப் பசேல் என்கிறவன் அதில் இறங்கி நாற்று நட்டிருக்க மாட்டான்.)

சுத்தம் சோறு போடும் என்பார்கள். கயல்விழிக்கு—

(வீரையனுக்கு இது பிடிக்கும். அதனாலேயே அடித்துவிட்டேன்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கயல்விழி எம்.காம். படித்தவள். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடத்தில் சுத்தம் செய்பவர்களுக்கு சூப்பர்வைசராக இருந்தாள். கழிவறைக்கு எந்த நிறத் துணி, மேசைக்கு எந்த நிறத் துணி, இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அங்கே பழகியது. ஊருக்குத் திரும்பி, தஞ்சாவூரில் ஓர் அறை பிடித்து, 'பளிச் ஆபீஸ் பராமரிப்பு' என்று போர்டு மாட்டினாள். கூட வேலைக்குச் சேர்ந்தவள் அருள்மேரி.

அப்பா அரசப்பன் போர்டை வந்து பார்த்தார். அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். இன்றைக்குக் கொஞ்சம் சொந்த நிலம் வைத்திருப்பவர்தான். ஆனால் சிறு வயதில் பண்ணையார் வீட்டுக் கொல்லைப்பக்கம் கூலி நெல்லுக்குத் துண்டை விரித்துக்கொண்டு நின்றவர். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார்.

"பெருக்கு, கூட்டு, என்ன வேணா பண்ணு. எவன் வூட்டுக் கொல்லப்பக்கமாவும் போய் நிக்காத. நான் நின்னது போதும்."

"நிக்க மாட்டேம்ப்பா" என்றாள்.

பளிச் ஆட்கள் எந்த ஆபீசானாலும் முன்வாசல் வழியாகத்தான் போவார்கள், வருவார்கள் என்பது அன்றைக்கே முடிவாயிற்று. இந்தக் கதையில் அவளுக்கு இருக்கும் ஒரே சொத்து அதுதான். அது நிலைக்குமா என்பதுதான் மிச்சக் கதை.

3

சென்னையில் ஆபீஸ் சுத்தம் என்றால் சாயங்காலம், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு. கயல்விழி அதையே இங்கும் சொன்னாள். முதலில் போய்ப் பார்த்த அரிசி மண்டிக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"விளக்கு வெச்சப்புறம் பெருக்குறதா? மகாலட்சுமிய வாரிக் கொண்டுபோயி ரோட்டுல கொட்டுவியாம்மா?"

சரி, காலையில் வரலாமா? முதலாளிதான் முதலில் கால் வைத்துச் சூடம் காட்ட வேண்டும். அதன் பிறகு? முதல் வியாபாரம் முடியும்வரை துடைப்பம் கண்ணில் படக் கூடாது. வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை வேண்டாமே. மிச்ச நேரமெல்லாம் வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார். ஆக, தஞ்சாவூரில் ஓர் ஆபீசைச் சுத்தம் செய்வதற்கென்று பஞ்சாங்கத்தில் நேரமே ஒதுக்கவில்லை. நம் ஆபீசுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று அவளுக்கு விளங்கியது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் நகை அடகு ஆபீஸ் ஒன்றில் மேனேஜருக்காகக் காத்திருந்தாள். உள்ளே ஈ காக்கை இல்லை. குமாஸ்தா கண்ணயர்ந்திருந்தார். வெளியே வேப்பமர நிழலில் ஏழெட்டுப் பேர் நகைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் சார் யாரும் உள்ள வரல?"

"ராகு காலம்மா. ஒண்ணரைக்கு முடியும். அதுக்கப்புறம்தான் வருவாங்க."

கயல்விழி அந்தக் காலி ஹாலைப் பார்த்தாள். தினமும் ஒன்றரை மணி நேரம் எவனும் கையெழுத்துப் போடாமல், பெட்டியைத் திறக்காமல், ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"ராகு காலத்துல பெருக்கினா பீடை போகும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க சார்" என்றாள்.

எந்தப் பக்கமும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த நிமிஷத்தில் அவள் வாயில் பிறந்தது அது. அந்த ஆபீஸ் கிடைத்தது.*

அருள்மேரிக்கு இதில் ஆட்சேபம் இல்லை. "நான் மாதா கோயிலுக்குப் போறவ. ராகு யாருன்னே எனக்குத் தெரியாது. ஒண்ணரை மணி நேரம் எவனும் குறுக்க வர மாட்டான்னா, அவரு நல்லவருதான் கயலு" என்றாள்.

(அருள்மேரியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இப்படி வாயடிக்கும் ஒரு பெண் எல்லார் கதையிலும் வருகிறாள். எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். வேலைக்கு ஆள் வேண்டுமே என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

* எமகண்டத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ் கிடைத்தது. குளிகையை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. குளிகையில் செய்ததைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்குமாம். பெருக்குவது எந்த நேரத்தில் செய்தாலும் அப்படித்தான்.

4

தொழில் வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்பதுதான் வேடிக்கை. ராகு காலம் எல்லா ஆபீசுக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. ஒரு தெருவில் ஐந்து ஆபீஸ் கேட்டால் ஐந்து இடத்துக்கும் ஒரே சமயத்தில் ஆள் போயாக வேண்டும். இரண்டு பேர் நாலானார்கள், நாலு பேர் பன்னிரண்டானார்கள். வேறு ஊரில் இரண்டு பேர் நாள் முழுக்கப் பார்த்திருக்கும் வேலை இது. பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரிய ராகு பகவான் வழி செய்தார்.

(வீரையன் போனில் இதைக் கேட்டுவிட்டு, "கடின உழைப்புன்னு ஒரு வார்த்தை வந்துடட்டும் சார்" என்றார். வந்துவிட்டது.)

வருஷம் திரும்புவதற்குள் அரிசி மண்டிக்காரர் கயல்விழிக்கே பாடம் நடத்தினார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து ராகு காலத்துலதாம்மா பெருக்குறது. பெரியவங்க சும்மாவா சொல்லி வெச்சாங்க." ஒரு ஜோசியர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜே போட்டார். அதற்கு சுலோகம் ஒன்றும் எப்படியோ கிடைத்துவிட்டது.

கயல்விழி இதைக் கேட்டுச் சிரித்தாள். கொஞ்சம் பயந்திருக்கலாம். நான்தான் அவளைப் பயப்பட வைக்க மறந்துவிட்டேன்.

5

இப்போது முதலாளி வருகிறார். இவருக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. என்ன பெயர் வைத்தாலும் அந்தப் பெயருள்ள ஒருவர் எனக்குப் போன் செய்வார்.

முதலாளிக்கு ஐந்து கிளைகள் உள்ள பைனான்ஸ். பாபநாசத்தில்கூட ஒன்று இருக்கிறது. பளிச் வேலை பார்க்கும் ஆபீஸ்காரர்களில் பாதிப் பேர் அவரிடம் கடன் வாங்கியவர்கள். அவர் தலையாட்டினால் அவர்களும் ஆட்டுவார்கள், அவர் வேண்டாம் என்றால் அவர்களுக்கும் வேண்டாம். கயல்விழியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எந்த ஊரும்மா உனக்கு?"

"வலங்கைமான் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊரைச் சொன்னாள்.

"அங்க எந்தத் தெரு?"

தெருவையும் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, பண்பான மனிதர். டீ வரவழைத்தார். அவருக்குக் கண்ணாடித் தம்ளரில் வந்தது. அவளுக்குப் பேப்பர் கப்பில் வந்தது.

(வீரையன்: "பேப்பர் கப்பெல்லாம் எதுக்கு சார்? சுகாதாரத்துக்காக இருக்கும்." இருக்கும்.)

"அஞ்சு பிராஞ்சும் உனக்குத்தான். திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடு. ஒண்ணே ஒண்ணு, உன் ஆளுங்க பின்பக்கச் சந்து வழியா வந்துட்டுப் போயிடட்டும்."

"நாங்க முன்வாசல்லதான் சார் வர்றது."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. ராகு காலத்துல பெருக்கினா பீடை போகும்னு சொன்னது நீதானே? போற பீடை சாமி படத்துக்கு எதுக்க முன்வாசல்லயா போறது? நீயே யோசி."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அவள் பெற்றுப்போட்ட பொய், வளர்ந்து ஆளாகி, அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது.

அறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னாள். மறுத்தால் ஐந்து கிளைகளோடு போகாது, இருக்கிற ஆபீசுகளும் ஒவ்வொன்றாகப் போகும். அருள்மேரி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நீ எந்த வழியா போறியோ நாங்களும் அந்த வழியா வர்றோம். ஆனா ஒண்ணு சொல்றேன் கயலு. எங்க வூட்டு அடுப்பு எந்த வாசலயும் பாக்காது."

(எடுக்காமல் விட்டது நல்லதாயிற்று.)

6

முடிவுக்கு வந்தாயிற்று. கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. முதலாளியின் கண்கள் கலங்கின. "என்னை மன்னிச்சுடும்மா" என்று முன்கதவைத் தானே—

கை தட்டுவதற்குத் தோதான முடிவு. எழுதும்போது என் விரல் கூசியது. இப்படிக் கண் கலங்கிய முதலாளி யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் முகவரி அனுப்புங்கள்.

ஆ. "உங்க வேலையே வேணாம் சார்" என்று கயல்விழி தலை நிமிர்ந்து—

என் நண்பர்களுக்கு இது பிடிக்கும். தலை நிமிர்ந்து நடப்பது எனக்கு ஒரு வரிதான். அருள்மேரி அடுத்த மாதம் முழுக்க அதைச் சாப்பிட்டாக வேண்டும்.

இ. இதுதான் என் செல்லப்பிள்ளை. முள்ளை முள்ளால் எடுப்பது. கயல்விழி முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொல்கிறாள்: "சார், ராகு காலத்துல துடைப்பம் பின்பக்கமா நுழைஞ்சா, மகாலட்சுமி பயந்துபோயி முன்பக்கமா வெளிய போயிடுவான்னு சொல்லுவாங்க." முதலாளிக்கு வியர்க்கிறது. கதவு திறக்கிறது. பிரமாதம் என்று எனக்கு நானே தொடையில் தட்டிக்கொண்டேன்.

கயல்விழிதான் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"ஒரே வரிம்மா. சொல்லிட்டா கதவு திறந்துடும்."

"திறந்துடும் சார். ராகுவுக்குப் பயந்து திறப்பாரு. அப்பா கேட்டா நான் என்ன சொல்றது? உன்னை அன்னைக்கு வெளிய நிக்க வெச்சாங்க, என்னை இன்னைக்கு உள்ள விட்டாங்கப்பா, ஆனா ராகு சிபாரிசுலன்னா?"

"முதல் பொய்யையும் நீதானே சொன்ன?"

"அது வேலைக்குச் சொன்னது. இது எனக்கு."

அந்த முடிவையும் அடித்துவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது, நல்ல முடிவு அது.

7

திங்கட்கிழமை. ராகு காலத்துக்கு முன்பே முதலாளி தன் ஆபீசுக்கு வந்து, சூடம் காட்டி, முன்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். பின்பக்கச் சந்துக் கதவு விரியத் திறந்திருக்கிறது. கயல்விழி முன்வாசல் படியில் நிற்கிறாள். பின்னால் அருள்மேரியும் மற்றவர்களும் பக்கெட்டோடு நிற்கிறார்கள். தரை தேய்க்கும் மெஷினை ஏற்றி வர ஆட்டோ கிடைக்காததால், ஊரிலிருந்து வந்திருந்த அரசப்பன் தன் மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். இறக்கிக் கொடுத்துவிட்டு எதிர்ச்சாரியில் நிற்கிறார். கயல்விழி அழைப்பு மணியை அழுத்தினாள்.

இதுவரை எழுதி வீரையனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்ன சார், பிள்ளைய அப்படியே நிக்க வெச்சிட்டீங்க? கதவத் திறந்து விட்டுடுங்க. உங்க கையிலதானே இருக்கு?"

"உங்க ஆபீஸ யாரு பெருக்குறா?"

"ஒரு அம்மா வரும்."

"பேரு?"

"பேரு... கணக்குப்பிள்ளையத்தான் கேக்கணும்."

"எந்தப் பக்கமா வரும்?"

போனில் அவர் நாற்காலி கிறீச்சிட்டது.

"பின்பக்கப் படி சார். அது ரொம்ப நாள் வழக்கம். அத விடுங்க, நீங்க கதைக்கு வாங்க."

அதற்குப் பிறகு அந்தக் கதவை நான் திறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். நான் திறந்தால் எல்லாரும் கை தட்டிவிட்டு, தங்கள் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஐந்தாம் பக்கத்தில் நகைக்கடை விளம்பரமும் வந்துவிடும்.

முதலாளிக்குப் பெயர் வைக்காததற்கு ஒரு காரணம் சொன்னேன். அது பாதிதான். அவருடைய நாற்காலியைக் காலியாக வைத்திருந்தேன். இவ்வளவு நேரமும் நீங்கள் அதில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருந்தீர்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடுகிறது, சாமி படத்தில் பூ புதிது, தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கிறது. வெளியே, எதிர்ச்சாரியில், அரசப்பன் வண்டிக்கு ஸ்டாண்ட் போடவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, திரும்பிப் போவதா இருப்பதா என்று படியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மறுபடி மணி அடிக்கிறது. நீங்கள்தான் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.