கல்லறையிலிருந்து கூட வந்த வாடை

அரிசி மூட்டையை நகர்த்திப் பார்த்தாயிற்று. பரண்மேல் கிடந்த பழைய சாக்குகளை உதறிப் பார்த்தாயிற்று. பீரோவுக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டுத் துழாவியதில் ஒரு சீப்பும் காய்ந்துபோன பல்லி ஒன்றும் வந்தனவே தவிர, செத்த எலி எங்கேயும் அகப்படவில்லை. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு தேடிய ரீனா, கடைசியில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னமோ செத்துக் கெடக்கு அத்தை. இம்புட்டு வாடை அடிக்குது, உங்களுக்கு ஒண்ணும் தெரியலையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல தாயி" என்றாள் மாமியார் செபாஸ்தியம்மாள்.

பச்சைப் பொய். அகரம் ஊரிலேயே அவள் மூக்குக்குத் தப்பிய வாடை கிடையாது. சம்பங்கிக் கூடையின் ஈரத்துணியை விலக்கும் முன்பே, உள்ளே இருப்பது இன்று பறித்த பூவா, நேற்றைய பூவைத் தண்ணீர் தெளித்து எழுப்பி வைத்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவாள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் வாயாடி வியாபாரிகள்கூட அவளிடம் வாயைக் கொடுக்க மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட மூக்குக்கு இந்த வாடை தெரியாமலா போகும்? வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. யாருடைய வாடை என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால், கடைசி மாதத்தில், அவள் புருஷன் ஞானராஜின் காலில் அடித்த அதே வாடை.

ஞானராஜ் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். இடது பாதத்தில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் பஸ் ஏறி வீடுவரைக்கும் வந்தவர். சர்க்கரை நோய் காலை அப்படி மரத்துப்போக வைத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கும் என்றார்கள். "கடைசித் தீர்ப்பு நாள்ல எல்லாரும் எந்திரிச்சு நடக்கையில நான் மட்டும் நொண்டிக்கிட்டுப் போகவா?" என்று சிரித்தார். வீட்டில் எல்லாரும் கெஞ்சினார்கள். செபாஸ்தியம்மாள் மட்டும் அவர் பக்கம் நின்றாள். விஷம் ரத்தத்தில் ஏறி, இரண்டு காலோடுதான் போனார். சவப்பெட்டியைத் தூக்கும்போது, ஒட்டன்சத்திரம் கிளம்புகிறவரிடம் முப்பது வருடமாகச் சொன்ன பழக்கத்தில் அவள் வாய் தன்னால், "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டது. கூடியிருந்த பெண்கள் பதறிப்போனார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களே போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை. இவள் போகிற பிணத்திடம் சொல்கிறாளே என்று அன்றைக்கு நல்ல ஏச்சு.

சொன்னதை மறக்காமல் வந்துவிட்டார் என்றுதான் இப்போது அவளுக்குத் தோன்றியது. கல்லறைத் திருநாளன்று கூடவே வந்திருக்கிறார். அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கல்லறையோரம் மண்ணிலேயே உட்கார்ந்து, செவ்வந்தியைப் பரப்பி, வரிசையாக மெழுகுதிரி நட்டு, வெகுநேரம் ஜெபமாலை சொன்னாள். எழுந்தபோதுதான் பார்த்தாள்: திரி ஒன்று சாய்ந்து, மடக்கி வைத்திருந்த இடது பாதத்தின்மேல் மெழுகு உருகி வழிந்து கட்டியாகக் கிடந்தது. வீட்டுக்கு வந்து உரித்தெடுத்தாள். துளி எரிச்சல் இல்லை. தன் திரி பெண்டாட்டியைச் சுட அவர் விடவில்லை என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போன வருடம் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பூசைவரை போய் நின்றவள் அவள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அதற்கப்புறம் சில நாட்களில் வாடை வந்தது. அவர் உட்காரும் நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டாள். சம்பங்கி விலை, மகன் அன்புமணி கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருப்பது, மழையில் கத்தரிச் செடி அழுகியது எல்லாவற்றையும் ஆள் இல்லாத நேரத்தில் அதனிடம் சொன்னாள். பங்குச் சாமியார் கேட்டால் கண்டபடி திட்டுவார். அவரிடம் யார் சொல்லப்போகிறார்கள்? சாயங்காலமானால் உடம்பு குளிரெடுத்து நடுங்கியது. அவர் பக்கத்தில் வந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும் என்று போர்த்திக்கொண்டாள். ஆனால் நாளாக ஆக வாடை கனத்தது. சந்தோஷத்துக்கு அடியில் பயம் ஒன்று மெல்லத் தலைதூக்கியது.

"சும்மா பாக்க வந்தீகளா, கூட்டிட்டுப் போக வந்தீகளா?" என்று ஒருநாள் நாற்காலியிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வந்துவிடுமோ என்று சேலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

எலி தேடிய மறுநாள், ரீனா பினாயில் ஊற்றி வீட்டைத் துடைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்க் கை கழுவி, பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தாள். உள்ளே வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். இருட்டிக்கொண்டு வந்த நேரம். துடைத்துக் காய்ந்த சிமெண்டுத் தரையில் பிசுபிசுவென்று ஈரத் தடங்கள். எல்லாம் ஒரே கால். இடது கால். மாதா படத்தடியிலிருந்து நீல நாற்காலிக்கு வந்து, அதைச் சுற்றிக்கொண்டு இருட்டுக்குள் போயிருந்தன.

"அத்தை..." ரீனா தடத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "மாமாவுக்கு எந்தக் காலு?"

"இடது" என்றது இருட்டுக்குள்ளிருந்து செபாஸ்தியம்மாளின் குரல்.

ரீனா சிலுவை போட்டுக்கொண்டாள். ஓடிவிடத்தான் நினைத்தாள். ஆனால் மில்லில் ஓடுகிற மெஷினில் அறுந்த நூலைக் கண்டுபிடித்து முடிகிறவள். பயந்தாலும் கண் சும்மா இருக்காது. குனிந்து, தன் காலை ஒரு தடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட அவள் காலளவுதான் இருந்தது. மாமாவின் செருப்புக்குள் அவளுடைய இரண்டு காலும் போகுமே. விளக்கைப் போட்டுத் தடத்தின் பின்னாலேயே போனாள். அது கட்டிலடியில் போய் நின்றது. கட்டிலில் செபாஸ்தியம்மாள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க அத்தை!"

பாதத்தின் மேலே கருத்த தோலுக்கு நடுவில், சீழ் ஒழுக, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண் வாய் திறந்திருந்தது. விரலிடுக்கு வழியாக வழிந்து அடிப்பாதம் முழுக்க நனைந்திருந்தது. ரீனா அழுதுவிட்டாள். "வலிக்கலையா?" என்று அவள் கேட்க, செபாஸ்தியம்மாள் தன் காலை யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, "இல்லையே" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கெட்ட சதையை வெட்டிச் சுத்தம் செய்த டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். பொறுமையாகப் பேசினாள்.

"காயம் பட்டா ரத்தத்துல இருக்குற வெள்ளை அணு எல்லாம் அங்க ஓடி வரும்மா. கிருமியோட சண்டை போடும். சண்டை முடிஞ்சதும், புண்ணு ஆறுறதுக்கு வழிவிட்டு ஒதுங்கிரும். சர்க்கரை ஏறிக் கெடந்தா அதுக ஒழுங்காச் சண்டையும் போடாது, ஒதுங்கவும் ஒதுங்காது. அங்கயே நின்னுக்கிட்டு நல்ல சதையவும் சேத்துக் கெடுத்துரும். வீக்கம், சூடு எல்லாம் அதுனாலதான்."

"அப்ப அதுக கெட்டதுகளா?"

"காப்பாத்தத்தாம்மா வருதுக. போகத் தெரியாம நிக்குறதுதான் கெடுதல்."

செபாஸ்தியம்மாள் குனிந்து தன் காலில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தாள்.

அட்மிட் ஆகி, ஊசியெல்லாம் போட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ரீனாவிடமும் சேர்த்துச் சொன்னாள். "வாடை திரும்பி வந்தா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. உடனே வந்தா ஒரு விரலோட போயிரும். தள்ளிப் போட்டா காலுக்கும் உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

வீட்டில் இப்போது மருந்து வாசம் மட்டும்தான். இத்தனை நாளும் சொந்தக் காலோடு குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று செபாஸ்தியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அவர் வரவே இல்லை. முதல் தடவை செத்ததைவிட இது கொடுமையாக இருந்தது. நாற்காலியை ரீனா சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தாள். செபாஸ்தியம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமலே கிடந்தாள்.

ஒரு மத்தியானம், ரீனா ஷிப்டுக்குக் கிளம்ப டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது, அது வந்தது. மொட்டு விரிகிற நேரத்துச் சம்பங்கிபோல, இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவில். ஆனால் வேறு எதுவும் இல்லை, அதேதான். செபாஸ்தியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் வேறு எந்த மூக்குக்கும் இது எட்ட இன்னும் இரண்டு மூன்று நாளாகும். அதுவரை அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். ரீனா போய்விட்டால் வீட்டில் யாருமில்லை. சுவரோரம் நாற்காலி காத்திருந்தது. எத்தனை விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது!

"அத்தை, நான் போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினாள் ரீனா.

செபாஸ்தியம்மாள் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"போங்க" என்றாள். 'வாங்க' என்கிற அடுத்த சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்திக்கொண்டாள்.

என்றும் இல்லாத மரியாதையைக் கேட்டு ரீனா திரும்பிப் பார்த்தாள்.

"ரீனா, வேலைக்குப் போகாத. இந்தக் கால்கட்டைச் செத்த அவுத்துப் பாரு."

ரீனா பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கைக்கு எட்டிய நீல நாற்காலியை இழுத்துப் போட்டு, அத்தையின் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, தரையில் மண்டி போட்டுக் கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினாள்.