எதிர்த்துக் கதைப்பவன் உழக்கட்டும்

சண்டைக்காலத்தில் அரசாங்கம் ரேடியோ பற்றரிக்குத் தடை போட்டபிறகு, சண்டிலிப்பாயில் அருளம்பலத்தார் வீட்டு ரேடியோ சைக்கிள் டைனமோவில்தான் பாடியது. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி ஒருவர் பெடலை உழக்க வேண்டும். மற்றவர்கள் செய்தியைக் கேட்டு, அதற்கு அருளம்பலத்தார் சொல்லும் விளக்கத்துக்குத் தலையாட்ட வேண்டும். யாராவது மறுத்துக் கதைத்தால் உழக்கும் வேலை அவன் தலையில் விழும். மூச்சு வாங்குகிறவன் எங்கே எதிர்க்கதை கதைப்பது? இந்தக் கெட்டித்தனத்தில் அந்தப் பெரிய மனிதர்களுக்கு வெகு பெருமை. புகையிலைத் தோட்டம் செய்யும் பஞ்சலிங்கம் மாதக்கணக்காக உழக்கிக்கொண்டிருந்தான்.

வேலியோரம் நின்று கேட்ட மீனாம்பிகைக்கு அவர்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. என்ன செய்வது, அவளுக்குச் செய்தி வேண்டும். மறுநாள் கைக்குழந்தையோடு, நேவி ரோந்து சுற்றும் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் இருக்கும் புருஷனிடம் போவதற்குப் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

செய்தி முடிந்தது. அருளம்பலத்தார் தொண்டையைச் செருமினார்.

"பேச்சுவார்த்தைக்கு ஆக்கள் வருகினம். இந்தக் கிழமை முழுக்க நேவி சுடமாட்டாங்கள். பிள்ளை, நீ பயப்பிடாமல் போ."

"அண்ணை சொன்னால் சரிதான்," என்றார் முருகேசு. அண்ணை என்ன சொன்னாலும் அவருக்குச் சரிதான்.

பஞ்சலிங்கம் காலை ஊன்றி, மூச்சு இரைக்க இரைக்கச் சொன்னான்: "போனமுறையும் உப்பிடித்தானே சொன்னியள். அந்தக் கிழமைதான் வள்ளத்துக்குச் சுட்டவங்கள்."

அது உண்மையா பொய்யா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. "கொப்பரும் இப்பிடித்தான், எல்லாத்துக்கும் குறுக்கை நிப்பார்," என்று அவன் தகப்பனை இழுத்தார் ஒருவர். "ஓஎல் சோதினை பெயில் விட்டவர் எங்களுக்குப் படிப்பிக்கிறார்," என்று இன்னொருவர் சிரித்தார். முருகேசு மட்டும் சிரிக்காமல், "நீ ஆற்றை ஆளடா?" என்று கேட்டார். யாருடைய ஆள் என்ற அந்தக் கேள்வி அந்த நாட்களில் துரோகிப் பட்டத்தில் போய் முடியும்; அதற்கு மேலே யாரும் வாய் திறப்பதில்லை. பஞ்சலிங்கமும் காலைத் திரும்பப் பெடலில் வைத்தான்.

மீனாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலிப்படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பெரியப்பா, வவுனியாவிலை பெரியம்மாவின்ரை கண்ணைக் காட்டவேணும் எண்டு சொன்னனீங்களெல்லே. நாளைக்கு நீங்கள் ரெண்டுபேரும் எங்களோடை வாங்கோவன்."

அருளம்பலத்தார் முழங்காலைத் தடவினார். "நாளைக்கோ? அவளுக்கு உடம்பு ஏலாது, பிள்ளை. கொஞ்ச நாள் போகட்டும், பாப்பம்."

அவள் முருகேசுவைப் பார்த்தாள். அவர் ரேடியோவைப் பார்த்தார்.

"அப்ப என்ரை பிள்ளையின்ரை உயிர்தான் உங்களுக்கு மலிவோ?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய், கட்டிவைத்த பையை அவிழ்த்தாள்.