மூன்றாவது வரிசைச் சிரிப்பு

ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் வெடிச்சிரிப்பு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் பார்வையாளராக வந்து உட்கார்ந்து சிரிப்பது அவள் வேலை. மூன்றாவது வரிசையில் ஓர நாற்காலி, தலைக்கு மேலே தொங்கும் மைக். அவள் வாய்விட்டுச் சிரித்தால் போதும், கூடமே குலுங்கும். மேடையில் நிற்பவர்கள்கூட ஒரு ஜோக்கைச் சொன்னதும் அவள் பக்கம்தான் கண்ணை ஓட்டுவார்கள்.

முன்பெல்லாம் மாமியார், குறட்டை, பக்கத்து வீட்டுக்காரன் என்று வீட்டில் புழங்குகிற சங்கதிகளை வைத்துச் சிரிக்கவைத்தார்கள். இப்போது ஒருவன் வந்து, தலையைச் சாய்த்து, "அண்ணன் கிளம்பிட்டாரு" என்று பாதி வரி சொல்கிறான். அவ்வளவுதான், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. எந்த அண்ணன்? எங்கே கிளம்பினார்? அவள் திருதிருவென்று விழித்துவிட்டு, எல்லோரும் அடங்குகிற நேரத்தில் சிரித்துவைப்பாள்.

"அக்கா, உங்க சிரிப்பு மட்டும் தனியா வந்து விழுது. பஸ் போனப்புறம் கை காட்டுற மாதிரி இருக்கு" என்றார் ஒலிப்பதிவுக்காரர். நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

வீட்டுக்குப் போய், யார் அந்த அண்ணன் என்று மருமகளைப் பிடித்தாள். மருமகள் துணி மடித்துக்கொண்டே போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒருவன் செருப்பைத் தேடுகிறான், கிடைக்காமல் வெறுங்காலோடு கிளம்புகிறான்.

"இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?"

"இதை மட்டும் பாத்தா ஒண்ணும் இல்ல அத்தை. இதை வச்சு இன்னொருத்தன் போட்டான், அதைக் கிண்டல் பண்ணி வேற ஒருத்தன்... விடுங்க, வெளக்கினா சிரிப்பு போயிடும்."

அப்படியும் விடாமல் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். அடுத்த வாரம் அந்த அண்ணனையே மறந்து வேறெதையோ சொல்லிச் சிரித்தார்கள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். பக்கத்தில் உட்காரும் கல்லூரிப் பெண்ணைக் கடைக்கண்ணால் பார்ப்பது. அவள் தோள் குலுங்கினால் தானும் வெடிப்பது. ஜோக்கைக் காதில் வாங்கவே வேண்டியதில்லை. கொஞ்ச நாள் வண்டி ஓடியது. ஒலிப்பதிவுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அன்று மேடைக்காரர் குரலைத் தாழ்த்தி ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். அவள் கேள்விப்படாத பெயர். பக்கத்துப் பெண்ணின் தோள் குலுங்கியது. அக்கா வெடித்துச் சிரித்தாள்.

கூடத்தில் வேறு சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போனில் ஊரையே சிரிக்கவைத்த யாரோ ஒரு சின்னப் பையன் முந்தின நாள் செத்துப்போயிருக்கிறான். அதைத்தான் மேடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டார். விளக்கை அணைத்தார்கள்.

நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்களை ஆள் சேர்க்கிறவர் வாசல்வரை கூடவே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கொஞ்ச நாள் ஓய்வா இருங்க. நானே கூப்பிடுறேன்."

"தெரியாமப் பண்ணிட்டேன் தம்பி."

"தெரியும்கா. அதான் பிரச்சனையே."

அவர் கூப்பிடவில்லை. அவளும் போன் செய்து கேட்கவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று கணவர் வழக்கம்போல டிவியைப் போட்டார். அவள் சிரிப்பு இருந்த இடத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அடுத்து வேறொருவர் வந்து என்னவோ சொல்ல, டிவிக்குள் கூட்டம் ஆர்ப்பரித்தது. கணவருக்குக் காது மந்தமாகி ரொம்ப நாளாகிறது. அவர் திரையைவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னான்?"

"தெரியல."

"சிரிப்பா சொன்னானா?"

"தெரியலைங்க."

அவர் தலையாட்டிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினார். இருவரும் நிகழ்ச்சி முடிகிறவரை பார்த்தார்கள்.